காரணம் இல்லாத கதை

ஆல்பிரெட் வெகனர் எழுதிய 'கண்டங்களும் சமுத்திரங்களும் தோன்றிய வரலாறு' என்ற ஜெர்மன் நூலைப் பூகோளப் பாடம் என்று நம்மவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். 1915ல் முதலில் வெளிவந்து, 1929ல் நான்காம் பதிப்புக் கண்ட அதை, நான் கதை படிக்கிற ஆசையோடுதான் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். ஏமாற்றமில்லை.

ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒரு காலத்தில் ஒரே நிலம், பிளந்து விலகிப்போயின. கதை இதுதான். கரைகள் பொருந்துவதை மட்டும் காட்டியிருந்தால் வெறும் சாமர்த்தியமாகப் போயிருக்கும். கிழிந்த பத்திரிகைத் தாளைச் சேர்த்துப் பார்க்கிறவன், ஓரங்களோடு நில்லாமல் அச்சு வரிகளும் தொடர்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்கிறார் வெகனர். தொடர்கின்றன. பிரேஸிலிலும் தென் ஆப்பிரிக்காவிலும் மெஸோசாரஸ் என்ற ஒரே சின்னப் பிராணியின் எலும்புகள். வெயில் கொளுத்தும் நாடுகளின் பாறையில் பனி கீறிய தழும்புகள்.

இத்தனை சரக்கு இருந்தும் நூல் தோற்றது. கண்டங்களைத் தள்ளியது எது என்று கேட்டார்கள். பூமியின் சுழற்சி, சூரிய சந்திரரின் இழுப்பு என்றார். ஹெரால்டு ஜெப்ரீஸ் கணக்குப் போட்டு, அந்த விசைகள் போதவே போதா என்று காட்டிவிட்டார். அதோடு, கிரீன்லாந்து வருஷத்துக்குப் பல மீட்டர் நகர்கிறது என்ற ஓர் அளவையை நான்காம் பதிப்பில் மற்றச் சான்றுகளுக்கெல்லாம் முன்னால் வைத்தார் வெகனர். அது அளவைப் பிழை. உண்மை சென்டிமீட்டர் கணக்குத்தான். தம் புத்தகத்தின் பலவீனமான அத்தியாயத்தையே ஆசிரியர் அதிகம் நேசிப்பது எங்கள் தொழிலிலும் சகஜம். 1930ல் அதே கிரீன்லாந்துப் பனியில் அவர் இறந்தார்.

நாவலில் ஒருத்தி வீட்டை விட்டுப் போகிறாள். ஏன் போனாள் என்பதை ஆசிரியர் சரியாகச் சொல்லவில்லை. அதனால் அவள் போகவே இல்லை என்று ஒரு விமரிசகர் சாதித்தால் அவரை என்ன செய்வோம்? வெகனருக்கு நடந்தது அதுதான். காரணம் 1960களில், கடலடித்தளம் விரிவதைக் கண்ட பிறகே உருப்பெற்றது. அதற்கு முன்பே சாட்சி வந்துவிட்டது.

வந்தது வேறொரு வழக்கிலிருந்து. சுழலும் பொருள் சுழற்சியாலேயே காந்தமாகும் என்று கருதிய பிளாக்கெட் என்ற ஆங்கில விஞ்ஞானி, அதைச் சோதிக்க அதி நுட்பமான காந்தமானி ஒன்றைச் செய்தார். கருத்து பலிக்கவில்லை என்று 1952ல் தாமே பிரசுரித்தார். கருவி மிஞ்சியது, பாறைகளை அளக்கப் பயன்பட்டது. எரிமலைக் குழம்பு ஆறும்போது அதிலுள்ள இரும்புத் தாது அன்றைய காந்த திசையை ஏற்று உறைந்துவிடுகிறது. தொங்கவிட்ட காந்த முள் பூமத்திய ரேகையருகே படுத்திருக்கும். துருவத்தருகே செங்குத்தாக நிற்கும். ஆகவே பாறையில் உறைந்த சாய்வு, அது பிறந்த அட்சரேகையைச் சொல்லிவிடும். ஒரு கல்லை நம்பிப் பயனில்லை. காந்த வடக்கு அலைகிற வஸ்து. பல அடுக்குகளின் சராசரி வேண்டும்.

இதே துறையில் எட்வர்ட் இர்விங் கேம்பிரிட்ஜில் கொடுத்த ஆய்வேட்டுக்கு 1954ல் பட்டம் மறுத்துவிட்டார்கள். 1956ல் கிளெக், டாய்ச், கிரிபித்ஸ் மூவரும் தக்காண எரிமலைப் பாறைகளின் அளவுகளை வெளியிட்டார்கள். சுமார் 6.6 கோடி வருஷங்களுக்கு முன் உறைந்த அந்தப் பாறைகள், இந்தியா பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்தது என்றன. அங்கிருந்து இங்கே வர 5,000 கிலோமீட்டர் போல நடந்திருக்க வேண்டும்.

லெமூர்கள் மடகாஸ்கரிலும் அவற்றின் உறவினங்கள் இந்தியாவிலும் இருப்பதை விளக்க, 1864ல் ஸ்கிளேட்டர் லெமூரியா என்ற கண்டத்தைக் கற்பித்தார். நம்மவர்கள் அதைக் குமரிக் கண்டத்தோடு சேர்த்துக் கடலில் மூழ்கடித்து, ஓயாமல் கதை எழுதினார்கள். காலடியிலிருந்த நிலமே யாத்திரை செய்து வந்திருக்கிறது. அதை எழுத ஆளில்லை. மூழ்குவதில் அழுகைக்கு இடமுண்டு, நகர்வதில் இல்லை என்பதாலோ என்னவோ.

காந்தச் சாட்சி தனக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்லும். அட்சரேகையையும் நிலம் திரும்பிய கோணத்தையும் சொல்லும். தீர்க்கரேகையைக் கேட்டால் வாய் திறக்காது. வெகனரைக் கெடுத்த கிரீன்லாந்து அளவை தீர்க்கரேகை அளவைதான். நான்காம் பதிப்பை எடுக்கிறவர்கள் அந்த அத்தியாயத்தைத் தாண்டி, பனித் தழும்புகளைப் பற்றிய பக்கங்களில் ஆரம்பிக்கலாம்.