இரவுக்கழுகாரின் ஃபார்ம் எப்படி?

இரவுக்கழுகார் டெக்ஸ் வில்லரும் அவர் எதிரி மெபிஸ்டோவும் மோதும் காமிக்ஸ் கதைகளில் ஸ்கோர் போர்டு சொல்வது ஒன்று, ஆட்டம் சொல்வது வேறு. ஜெயிப்பது எப்போதும் டெக்ஸ்தான். நன்றாக ஆடினாரா என்று கேட்டால் ஆம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

1948-ல் கதாசிரியர் பொனெல்லியும் ஓவியர் கலெப்பினியும் இத்தாலியில் களமிறக்கிய வீரர் இவர். சிவகாசி லயன் காமிக்ஸ் புண்ணியத்தில் 1985 முதல் தமிழிலும் அவுட் ஆகாமல் நிற்கிறார். துப்பாக்கி, குதிரை, புலம்பிக்கொண்டே கூட வரும் கிட் கார்சன்: இவைதான் பலம். மெபிஸ்டோ வந்ததும் மூன்றும் செல்லாக்காசு. மைல் கணக்கில் தள்ளி உட்கார்ந்து மாந்திரீகம் செய்பவனை எங்கே போய்ச் சுடுவது? மேடையில் வித்தை காட்டும் உளவாளியாக அறிமுகமானபோது அவன் அபாரம். எது கண்கட்டு, எது நிஜம் என்று டெக்ஸ் யோசித்தாக வேண்டியிருந்தது. பிறகு நிஜ மந்திரவாதியாகவே ஆகிவிட்டான். எல்லைக்கோடு இல்லாத மைதானத்தில் சிக்ஸர் ஏது?

வெஸ்டர்னும் அமானுஷ்யமும் கலந்த ஆட்டத்தை 1997-ல் கதாசிரியர் மன்ஃப்ரெடி தொடங்கிய ‘மேஜிக் விண்ட்’ காமிக்ஸ் தொடர் எவ்வளவு நேர்த்தியாக ஆடுகிறது! ரயில் வெடிப்பில் தப்பிய சிப்பாய் நெட் எல்லிஸின் மூளையில் ஓர் உலோகத் துண்டு. பழைய நினைவு போய்விடுகிறது, அமானுஷ்யக் காட்சிகள் தெரிகின்றன. சக்தி இலவசமாக வரவில்லை. அதனால் நம்ப முடிகிறது.

ஆனால் கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து படிக்கிற எனக்கு மெபிஸ்டோவைவிட வேறொன்று உறுத்துகிறது. வெள்ளைக்கார ரேஞ்சரான டெக்ஸ், அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோக்களின் தலைவராகி நீதி தவறாமல் ஆள்கிறாராம். தொடரின் ஆகப்பெரிய மாயாஜாலம் அதுதான். நிஜ கிட் கார்சன் 1863-64-ல் நவஹோக்களின் பயிரை எரித்து, ஆடுகளைப் பறித்துச் சரணடைய வைத்த படைத் தளபதி. அதன்பின் ராணுவம் அவர்களை பாஸ்க் ரெடோண்டோ முகாமுக்கு நடத்தியே ஓட்டிச் சென்றது. 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் சொந்த மண் திரும்பினார்கள். அந்த மனிதரைத்தான் நாம் செல்லக் கிழவராகக் கொண்டாடுகிறோம்!

எங்கள் பக்கத்துக் கல்வராயன் மலையில் 1976 வரை ஜாகிர் ஆட்சி. மலையாளிப் பழங்குடி மக்கள் ஜாகிர்தார்களுக்குக் கூலியில்லாமல் உழைத்த மலை அது. தலைவர் என்றால் நல்லவர் என்று அங்கே யாரும் சுலபமாக நம்பிவிட மாட்டார்கள். பேய், பூதத்துக்கு முகம் சுளிக்கும் வாசகர்கள், டெக்ஸ் நவஹோக்களின் தலைவரான இந்த நோ-பாலுக்கு ஒரு முறைகூட அப்பீல் செய்ததாகத் தெரியவில்லை.

தரவரிசையில் என் முதலிடம் மேஜிக் விண்டுக்கே. தீபாவளிக்கு டெக்ஸ் குண்டு புக் வந்தால் முதலில் எதைப் பிரிப்பேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.