மரபணுச் சான்றும் மன்றத் தீர்ப்பும்

கொலை செய்தானொருவனுடைய பிறவியிலமைந்த மரபணுவே அவன் செயலுக்குக் காரணமாமென்று நியாயமன்றங்களில் எடுத்துரைக்கும் வழக்கு மேனாடுகளில் தோன்றியுள்ளது. அதன் வன்மை மென்மைகள் ஈண்டு ஆராயப்படும்.

2009-ஆம் ஆண்டு இத்தாலியிலுள்ள திரியெஸ்த்து மேன்முறையீட்டு மன்றம், கொலைஞனொருவனுக்கு விதித்திருந்த 9 ஆண்டு 2 திங்கட் சிறையில் ஓராண்டைக் குறைத்தது. மோனோஅமைன் ஆக்சிடேஸ் ஏ என்னும் நொதியை ஆக்கும் மரபணு அவன்பாற் குறைந்த திறனுடையதாயிருந்தமை அதற்குக் காட்டிய ஏதுக்களுள் ஒன்று. அவ்வாண்டே அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் அத்தகைய சான்றைக் கேட்ட ஜூரிமார், ஒருவன் செய்த கொலையைத் திட்டமிட்ட கொலையென்னாது அதனிற் குறைந்த குற்றமென்றே முடிவுசெய்தனர்.

இச்சான்றுக்கு அடிநிலையாவது, நியூசிலாந்தின் டுனிடின் நகரிற் பிறந்தாரைப் பற்றி 2002-இல் வெளிவந்த ஆராய்ச்சி. அதன்கண் ஆராயப்பட்ட ஆண்மக்கள் 442 பேருள் 163 பேர் அக்குறைதிறன் மரபணுவுடையர். அதுதானே குற்றத்தை விளைப்பதாயின் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்டார் கொடியராதல் வேண்டும், அஃதில்லை. இளமையிற் கொடுமைக்குட்பட்டு அம்மரபணுவும் உடையராயினாரே ஏனையோரினும் மிகுதியாகக் குற்றம் புரிந்தனர். கொடுமை எய்தாதார்பால் அவ்விளைவு காணப்படவில்லை. பின்வந்த ஆராய்ச்சிகளுள்ளும் சில இதனை உடன்பட்டன, சில உடன்படவில்லை.

இனி, பலரைத் தொகுத்து நோக்கிக் கண்ட மிகுதி, ஒருவன் ஒருநாட் செய்த செயலுக்குச் சான்றாமோவெனின், ஆகாது. மழை மிக்க திங்களென்பதுகொண்டு இன்ன நாளில் மழை பெய்ததெனத் துணிதல் கூடாமைபோல இதுவுங் கூடாதென்க.

அற்றேல், தண்டத்தைக் குறைத்து இரக்கத்திற்கு இடஞ்செய்தலின் இச்சான்று கொள்ளத்தக்கதேயெனின், அற்றன்று. 2012-இல் அமெரிக்க நீதிபதிகள் 181 பேரிடம் கற்பனை வழக்கொன்றைக் கொடுத்து வினவியபோது, இத்தகைய சான்றைக் கண்டோர் விதித்த தண்டம் சராசரி ஏறத்தாழ ஓராண்டு குறைந்ததாயிற்று. ஆயினும், 'பிறவியே இவ்வியல்பினன்' என்னுஞ் சொல் இருபுறமுங் கூரிய வாள். இன்று இரங்குவதற்கு ஏதுவாய அதுவே, நாளை 'இவன் திருந்தான். விடுதலை தகாது' என்பதற்கும் ஏதுவாம்.

அன்றியும், ஒத்த கொடுமையுற்று வளர்ந்த இருவருள் அம்மரபணு உடையான் இரக்கம் பெற, இல்லான் பெறாதொழிதல் முறையோ? இளமையில் ஒருவன் பட்ட அடியையும் பசியையும் கேட்டறிதற்குக் குருதிச் சோதனை வேண்டுவதன்று. பொறுமையுடைய செவியே வேண்டும். நடுநிலை பிறழாத மன்றம் ஆராயற்பாலது ஒருவன் வாழ்ந்த வாழ்க்கையும் செய்த செயலுமேயாம்.