சுரண்டல்: ஒரு சொல்லும் பல துறைகளும்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சொற்களை ஒப்பிட்டு நோக்கும் வாய்ப்பு நாள்தோறும் கிட்டுகிறது. தெருவில் செல்லும் ஊர்வலத்தார் 'சூஷணம்' என்று முழங்குவதை வீட்டிற்கு வரும் தமிழ் நாளிதழ் 'சுரண்டல்' என்று எழுதுகிறது. வடபுலத்தார் 'சோஷண்' என்பர். மூன்றும் ஒரே பொருளன என எண்ணி நாம் கடந்து செல்கிறோம். சற்று நின்று நோக்கின், அவை மூன்றும் மூன்று வெவ்வேறு வினைகள் என்பது புலப்படும். சூஷணம் உறிஞ்சுதல், சோஷணம் வற்றச் செய்தல், சுரண்டலோ, பானையின் அடியில் பற்றியிருப்பதைக் கரண்டியாலோ நகத்தாலோ பெயர்த்தெடுத்தல். உறிஞ்சப்படுவதற்குக் குருதி வேண்டும். வற்றுவதற்கு ஈரம் வேண்டும். சுரண்டப்படுவதற்கோ, பானையில் இருந்ததில் பெரும்பகுதி முன்னரே எடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். எஞ்சியதையும் விடாமை என்னும் கருத்து தமிழ்ச் சொல்லில் மட்டுமே உண்டு. நம் முன்னோர் அடுக்களையிலிருந்து எடுத்துத் தந்த இச்சொல், மற்ற இரண்டினும் கடுமையானது என்பதே நம் துணிபு.

ஐரோப்பிய மொழிகளில் நிலைமை வேறு. 'எக்ஸ்ப்ளாய்ட்டேஷன்' என்னும் சொல்லின் இலத்தீன் வேர் 'மடிப்பை விரித்தல்' என்ற பொருளது. பிரெஞ்சுக்காரர் ஒரு சாதாரணப் பண்ணையையும் அச்சொல்லால் குறிப்பர். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. செருமானியர் இதற்கு ஆளும் சொல்லோ சுரங்கத்தின் விளைச்சலைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. அங்கெல்லாம் வெறும் தொழிற்சொல்லாய் இருந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பழிச்சொல்லாகவும் மாறிற்று. தமிழ்ச் சுரண்டலோ பழியைத் தன்னுடனேயே கொண்டு வந்தது. ஆகவே, அயல்மொழி ஆய்வு நூல்களில் அச்சொல் வருமிடமெல்லாம் நம் எழுத்தாளர் 'சுரண்டல்' என்றே பெயர்த்தெழுதும்போது, சில இடங்களில் பழியற்றவன் பழிக்கப்படுகிறான். சில இடங்களில் பழி தேய்ந்து, வெறும் கலைச்சொல்லாய் நின்றுவிடுகிறது.

தொல்காப்பியர் பல பொருள் ஒரு சொல்லை வகுத்த முறை இங்கே துணைசெய்யும். 'மா' என்பது மரமா விலங்கா என்னும் ஐயத்தை, உடன்வரும் வினை தீர்க்கிறது: பூத்தது எனின் மரம், ஓடிற்று எனின் விலங்கு. சுரண்டலுக்கு உடன்வரும் வினை எது? எடுப்பவன் யார், எடுக்கப்படுவது எது, இழப்பவர் யார் என்னும் மூன்றையும் ஆய்வாளர் சொல்லியாக வேண்டும். சொல்லாது விட்டால், 'மா நின்றது' என்பதுபோல் ஐயம் நிலைத்துவிடும்.

பொருளியலை முதலில் நோக்குவோம். மார்க்சு 1867-இல் வெளியிட்ட 'மூலதன'த்தின் முதற்பகுதியில் சுரண்டல் ஒரு கணக்கு. பத்து மணி நேரம் உழைப்பவன் தன் கூலிக்கு ஈடான மதிப்பை ஆறு மணி நேரத்தில் ஆக்கிவிடுகிறான் எனக் கொள்வோம். எஞ்சிய நான்கு மணியும் கூலி பெறாத உழைப்பு. அந்த நான்கை ஆறால் வகுத்து வருவதே சுரண்டல் வீதம். முதலாளி நல்லவனா தீயவனா என்பது இக்கணக்கில் ஒரு பொருட்டன்று. ஜோன் ராபின்சன் 1933-இல் வெளியிட்ட நூலில் இச்சொல்லுக்கு வேறு வரையறை உண்டு: கடைசியாகச் சேர்க்கப்படும் ஒரு தொழிலாளியின் உழைப்பால் கூடுகின்ற விளைபொருளின் விற்பனை மதிப்புக்குக் குறைவாகக் கூலி அமைந்தால், அதுவே சுரண்டல். உழைப்பை வாங்குபவர் ஒருவரேயாயின் இது நிகழும். போட்டி நிறைந்த சந்தையில் மார்க்சின் சுரண்டல் நீங்காது. ராபின்சனின் சுரண்டல் நீங்கிவிடும். இவ்வம்மையார் நம்மூர் உள்ளூரில், லாரி பேக்கரின் செங்கற் கட்டடங்களில் அமைந்துள்ள வளர்ச்சி ஆய்வு மையத்திற்கு வந்து தங்கிப் பாடம் நடத்தியவர். அம்மையத்தின் நூலகத்தில் இவ்விரு சுரண்டல்களும் அடுத்தடுத்த அலமாரிகளில் இருக்கக்கூடும். ஒன்றின் பொருளை மற்றொன்றில் ஏற்றிப் படிக்கும் மாணவர் இடறுவது உறுதி.

அங்கிருந்து விழிஞ்ஞம் கடற்கரைக்குச் சென்றால் வியப்பு இன்னும் பெருகும். மீன்வள ஆய்வாளரும் 'சுரண்டல் வீதம்' என்றே ஒரு கணக்கு வைத்துள்ளனர். குறிப்பிட்ட காலத்தில் மாளும் மீன்களுள் வலையில் பட்டு மாள்வன எத்தனை பங்கு என்பதே அது. பாதியைத் தாண்டலாகாது என்பது அவர்களிடை வழங்கிவந்த பழைய அளவுகோல். மார்க்சின் வீதம் ஒன்றுக்கு மேலும் போகலாம். மீனின் வீதம் ஒருநாளும் ஒன்றைத் தாண்டாது. ஒரே இழுவைப் படகில் கூலிக்கு நிற்கும் தொழிலாளி முதற்கணக்கிலும், வலையில் துள்ளும் மீன் இரண்டாம் கணக்கிலும் இடம்பெறுகின்றனர். தமிழில் இரண்டுக்கும் ஒரே தொடர்! படகுக்காரனின் நிலையை எழுதப் புகுந்து மீனின் எண்ணை எடுத்துக்காட்டும் கட்டுரை பிறக்க வெகுநாள் ஆகாது.

உயிரியலார் 'சுரண்டற் போட்டி' என்று சொல்வதில் பகையே இல்லை. இரு விலங்குகள் ஒன்றையொன்று காணாமலே ஒரே உணவை உண்கின்றன, முந்தியது உண்டதால் பிந்தியதற்குக் குறைகிறது, அவ்வளவே. நிர்வாகவியலில் ஜேம்ஸ் மார்ச் என்பார் 1991-இல் எழுதிய கட்டுரைக்குப் பின், புதியதைத் தேடலும் அறிந்ததைப் பயன்கொளலும் என்னும் இணை பெயர்பெற்றது. அந்த இரண்டாவதும் இச்சொல்லே. கணினித்துறையில் பொறிகளுக்குக் கற்பிப்போரும் இவ்விணையையே ஆள்கின்றனர். டெக்னோபார்க்கில் பணிபுரியும் நம் பிள்ளைகளைக் கேட்டால், மென்பொருளின் ஓட்டை வழியே நுழையும் கள்ளத்தனத்திற்கு 'எக்ஸ்ப்ளாய்ட்' என்று பெயர் சொல்வர். ஒரே கட்டடத்தின் ஒரு மாடியில் அது கற்கத்தக்க திறன். மறு மாடியில் தடுக்கத்தக்க குற்றம்.

இவற்றையெல்லாம் 'சுரண்டல்' என்றெழுதுவது மொழிபெயர்ப்பாகாது. பயன்கொளல் என்றே சொல்லத்தக்க இடங்கள் பல. அளவு மீறினால் மிகைக்கொளல் எனலாம். இவ்வேறுபாடு நமக்குப் புதிதுமன்று. பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் சொன்ன புறநானூற்று உவமையில், சிறு நிலத்து நெல்லையும் அறுத்துக் கவளமாக ஊட்டினால் யானைக்குப் பல நாள் வரும். யானை தானே வயலில் புகுந்தால், அதன் வாய்க்குள் செல்வதைவிடக் காலடியில் அழிவதே மிகுதி. உண்ணல் குற்றமன்று, புகுந்த முறையே கேடு என்று பிரித்தறிந்த புலவர் வழிவந்தோர், எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைத்தல் முறையன்று.

ஆயினும் பயன்கொளல் என்னும் மென்சொல்லிலும் இடர் உண்டு. அதனைக் காட்டும் நிகழ்ச்சி நம் மாவட்டத்திலேயே நடந்தது. தமிழ் முனிவர் உறைவதாக நாம் போற்றும் பொதிகையின் தொடர்ச்சியான அகத்தியமலைக் காட்டுக்குள், 1987-இல் புஷ்பாங்கதன் முதலிய அறிவியலாளர் பழங்குடியினரின் தாவர அறிவை ஆராயச் சென்றனர். வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர் ஒரு சிறு செடியின் பழங்களைத் தின்று களைப்பின்றி மலையேறினர். கேட்டபோது முதலில் தயங்கினர். பின்னரே செடியைக் காட்டினர். அதற்கு ஆரோக்கியப்பச்சை என்று பெயர் வழங்கலாயிற்று. பின்பு பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்தார் அதன் இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கினர். 1995-இல் கோவை ஆரிய வைத்திய மருந்தகத்திற்கு ஏழாண்டு உரிமம் அளிக்கப்பட்டது. உரிமத் தொகை 10 இலட்சம் ரூபாய். விற்பனையில் 2 விழுக்காடு உரிமைத் தொகை. இவற்றில் பாதி காணிக்காரருக்கு என நிறுவனம் முடிவு செய்தது. அவர்களுக்கான அறக்கட்டளை 1997-இல் பதிவாயிற்று. ஐந்து இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட தொகை அதன் கைக்குச் சென்றது 1999-இல்.

உலகெங்கும் ஆய்வாளர் இதனைப் 'பயன்பகிர்வு' என்று பாராட்டினர். அப்பாராட்டில் நியாயம் உண்டு. பல்லுயிர் உடன்படிக்கை 1992-இல்தான் பிறந்தது. இந்தியாவின் பல்லுயிர்ச் சட்டமோ 2002-இல் வந்தது. எந்தச் சட்டமும் கேளாத காலத்தில், பாதியைக் கொடுப்போம் என்று ஓர் அரசு சார்ந்த ஆய்வு நிறுவனம் முன்வந்தது சிறிய செயலன்று. அதனை வெறும் கொள்ளை என்று எழுதியோர், அந்நாளில் மற்ற ஆய்வகங்கள் எவ்வளவு கொடுத்தன என்பதைச் சொல்லவில்லை.

எனினும் நாம் மேலே கண்ட பொருள்களை ஒவ்வொன்றாக இந்நிகழ்ச்சியின்மேல் வைத்துப் பார்ப்போம். இலையை வாங்கும் உரிமம் பெற்ற மருந்தகம் ஒன்றே. ராபின்சனின் ஒற்றை வாங்குவோர் இங்கே நிற்கிறார். காணிக்காரர் தின்றது பழம். மருந்துக்கு வேண்டியது இலை. காட்டுச் செடிகள் பறிபோகும் என்று அஞ்சி வனத்துறை தடை எழுப்பியது. மீன்வள ஆய்வாளரின் கணக்கு இங்கே வருகிறது. அத்தடையால் செடியை வளர்த்து விற்க முனைந்த காணிக் குடும்பங்களே முதலில் இடர்ப்பட்டன. ஓர் அமெரிக்க நிறுவனம் 'ஜீவனி' என்னும் பெயரைத் தன் வணிகக்குறியாகப் பதிந்துகொண்டபோது, கணினியார் சொல்லும் ஓட்டை வழி நுழைவும் நிகழ்ந்தது. இத்தனைக்கும் காணிக்காரர் பெற்றது சுழியன்று. பணம் வந்தது உண்மை. ஆலன் வெர்தைமர் 1996-இல் எழுதிய மெய்யியல் நூலின் மையக் கேள்வியே இதுதான்: இருவரும் பயனடைந்து, இருவரும் இசைந்த செயலிலும் சுரண்டல் இருத்தல் கூடும். 'அவர்களுக்கும் கிடைத்ததே' என்னும் விடை, கேள்வியைத் தீர்ப்பதில்லை.

காணிக்காரர் எல்லாரும் ஒரே குரலில் பேசியதாகவும் கொள்ளலாகாது. மருத்துவ அறிவைக் காத்துவந்த பிலாத்தி என்னும் முதியோருள் சிலர், சிலர் வெளியிட்டது அனைவரின் மறைபொருள் என்று எதிர்த்தனர். அறக்கட்டளையின் பெயரோ 'கேரளக் காணி' என்று தொடங்குகிறது. மலையின் கிழக்கிலும் தெற்கிலும், நெல்லை, குமரி மாவட்டங்களில் வாழும் காணிக்காரரை அப்பெயர் தழுவவில்லை. 1956-இல் குமரி பிரிந்தபோது கோடு கிழித்தோர் காணிக்காரரைக் கேட்டிலர். பங்கு பிரித்தோரும் அக்கோட்டையே எல்லையாகக் கொண்டனர். எல்லையின் இப்பக்கம் வந்து குடியேறிய நம் போன்றோருக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

'பயன்பகிர்வு' என்னும் சொல்லின்மேல் நமக்குள்ள குறை இதுதான். பகிர்பவன் தன்னுடையதையே பகிர்கிறான். தன் சோற்றைப் பகிர்ந்தவனைப் போற்றுகிறோம். அடுத்தவன் சோற்றில் பாதியை அவனுக்கே அளித்தவனைப் பகிர்ந்தான் என்று சொல்லும் வழக்கம் தமிழில் இல்லை. இச்சொல்லை ஆண்டவுடன் நிறுவனம் கொடையாளியாகிறது; காணிக்காரர் இரவலராகின்றனர். நிறுவனத்தார் அவ்வாறு எண்ணினர் என்று நாம் சொல்லவில்லை. சொல்லே அவ்விடத்தில் அவர்களை அமர்த்திவிடுகிறது. 'உரிமைப்பங்கு' என்றெழுதினால் எவர் எவருக்குக் கடன்பட்டவர் என்பது மாறிவிடும். அதே ஐந்து இலட்சமும் அப்போது பரிசாகாது, நாள் கடந்து வந்த நிலுவையாகும்.

இந்நிகழ்ச்சியைப் பற்றித் தமிழில் எழுதப் புகும் ஆய்வாளர், 1995-ஆம் ஆண்டு உரிம ஒப்பந்தத்தை ஒருமுறை நோக்குதல் நலம். ஒப்பந்தம் செய்துகொண்ட தரப்புகள் இரண்டு: ஒன்று ஆய்வு நிறுவனம், மற்றொன்று மருந்தகம். காணிக்காரர் அதில் ஒரு தரப்பாக இல்லை. அவர்கள் பெயரில் ஒப்பமிடத்தக்க அமைப்பு பதிவாவதற்கு இன்னும் இரண்டாண்டு இருந்தது.