கொடையும் உரிமையும்
‘ஏ ஸ்மோல் அக்ட்’ விவரணப்படம் பற்றிச் சில சிந்தனைகள்

வறிய பிள்ளையொன்றின் படிப்புச் செலவை முகமறியாத ஒருவர் ஏற்றுக்கொள்வது போற்றத்தக்க செயல் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் அச்செயலைக் கலைக்குப் பொருளாக்குபவர், அப்பிள்ளை பிறரது கையை எதிர்பார்க்க நேர்ந்தது ஏன் என்னும் வினாவையும் எதிர்கொள்ள வேண்டியவராகின்றார். ஜெனிபர் ஆர்னோல்ட் இயக்கத்தில் 2010ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஏ ஸ்மோல் அக்ட்’ (ஒரு சிறு செயல்) என்னும் விவரணப்படம், இவ்வினாவின் வாயில்வரை எம்மை அழைத்துச் சென்று அங்கேயே நின்றுவிடுகிறது. அதன் சிறப்பையும் குறையையும் ஒருங்கே ஆராய்வது பயனுடையதாகும்.

சுவீடன் நாட்டில் பாலர் பாடசாலை ஆசிரியையாக இருந்த ஹில்டே பாக், கென்யாவின் கிராமத்துச் சிறுவனொருவனின் கல்விக்காகத் தமது வருவாயில் ஒரு சிறு தொகையை ஒழுங்காக அனுப்பி வந்தார். அச்சிறுவனே கிறிஸ் எம்புரு. அவர் நைரோபிப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் ஹாவார்ட்டிலும் சட்டம் பயின்று, ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பணியில் அமர்ந்தார். தாம் நேரிற் கண்டிராத அப்பெண்மணியின் பெயராலேயே 2001ஆம் ஆண்டு ஒரு கல்வி நிதியத்தை அவர் தொடங்கினார். ஆரம்பக் கல்வியை முடித்தும் கட்டணம் செலுத்த வழியின்றி நின்றுவிடும் பிள்ளைகளை இடைநிலைப் பாடசாலைக்கு அனுப்புவதே அதன் நோக்கம்.

உதவி நிறுவனங்களின் விளம்பரங்களில் நாம் காணும் ஆபிரிக்கா, வற்றிய உடலும் ஈ மொய்க்கும் கண்களுமாய்த் தோன்றுவது. இப்படத்தின் ஆபிரிக்கா அத்தகையதன்று. இங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள், பெற்றோர் உழைக்கிறார்கள், முன்னர் உதவி பெற்றவரே இன்று உதவுபவராய்த் தம் மக்களிடம் திரும்பி வருகிறார். கொடுப்பவர் வெள்ளையர், பெறுபவர் கறுப்பர் என்னும் பழைய ஏற்பாட்டை இது உடைக்கிறது. இந்த அளவில் இயக்குநரின் நோக்கு ஆரோக்கியமானது.

படத்தின் உயிர்நிலை, நிதியத்தின் உதவியை எதிர்பார்த்துப் பரீட்சை எழுதும் மூன்று மாணவர்களின் கதையாகும். கென்யாவில் 1985இலிருந்து 2023வரை நடைபெற்ற ஆரம்பக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சையே அது. அதிற் பெறும் புள்ளிகளே உதவிக்குரியவரைத் தீர்மானிக்கின்றன. விளக்கொளி போதாத குடிசையிற் படித்த பிள்ளையும் வசதியான பாடசாலையிற் பயின்ற பிள்ளையும் ஒரே வினாத்தாளின் முன் அமர்கின்றனர். நிதியத்தினர் புள்ளிகளை முன்வைத்து விவாதிக்கும் காட்சிகள் மனத்தை வருத்துபவை. நல்லெண்ணம் கொண்ட மனிதரே, கையிலுள்ள பணம் போதாமையால், பிள்ளைகளைத் தெரிவுசெய்வோராகவும் விலக்குவோராகவும் மாறிவிடுகின்றனர். தெரிவுசெய்யப்படாத பிள்ளை என்ன குற்றம் செய்தது? படம் அதற்காக இரங்குகிறது. அதற்கு மேல் வினவவில்லை.

வினவியிருப்பின் வரலாறு விடை கூறியிருக்கும். குடியேற்ற ஆட்சியில் கென்யாவின் பாடசாலைகள் ஐரோப்பியர், ஆசியர், ஆபிரிக்கர் என இனவாரியாகப் பிரிந்திருந்தன. வளமிக்க மேட்டுநிலங்கள் வெள்ளைக் குடியேறிகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. கிகுயு மக்கள் தமது முயற்சியால் நடத்திய சுதந்திரப் பாடசாலைகளை, 1952இல் அவசரகால நிலை பிரகடனமானபின் அரசாங்கம் மூடியது. 1963இல் சுதந்திரம் கிடைத்தபின், அரசின் பாடசாலைகள் போதாமையால் ஊர்மக்களே ‘ஹரம்பே’ என்னும் கூட்டு முயற்சியால் இடைநிலைப் பாடசாலைகளைக் கட்டினர். 1988இல், சர்வதேச நிதி நிறுவனங்களின் நிர்ப்பந்தத்தோடு வந்த ‘செலவுப் பகிர்வு’க் கொள்கை, கல்விச் சுமையைப் பெற்றோரின் தோளில் மேலும் ஏற்றியது. 2003இல் ஆரம்பக் கல்விக் கட்டணம் நீக்கப்பட்டபோது, பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பிள்ளைகள் புதிதாகப் பாடசாலைக்கு வந்தனர். அதுகாறும் அவர்களைத் தடுத்து நின்றது கட்டணமே என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. 2008இல் இடைநிலைப் பகற் பாடசாலைகளிலும் கற்பித்தற் கட்டணத்தை அரசு ஏற்றது; எனினும் சீருடை, உணவு, விடுதிச் செலவு முதலியன எஞ்சின.

படத்தின் மற்றொரு கருத்தும் ஆய்வுக்குரியது. 2007ஆம் ஆண்டு டிசம்பர்த் தேர்தலைத் தொடர்ந்து கென்யாவில் மூண்ட இனவன்முறையில் 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அறியாமையே இத்தகைய வன்முறைக்கு விளைநிலம், கல்வியே மருந்து என்பது எம்புருவின் வாதம். படமும் அதனை ஏற்கிறது. ஆனால் ஹில்டே பாக்கின் வாழ்வே இவ்வாதத்தை மறுக்கின்றது. அவர் ஜேர்மனியிற் பிறந்த யூதர். அகதியாய்ச் சுவீடனை அடைந்தவர். அவருடைய பெற்றோர் வதைமுகாம்களில் மடிந்தனர். அக்கொடுமையை நிகழ்த்தியது எழுத்தறிவில்லாத நாடன்று. பல்கலைக்கழகங்களாற் புகழ்பெற்ற நாடு. யூதப் பிள்ளைகளை 1938இற் பாடசாலைகளிலிருந்து வெளியேற்றியது கல்வியறிவு பெற்ற அதிகாரிகளின் ஆணையே. ஆகவே கல்வி என்று மட்டும் கூறுவது போதாது. எத்தகைய கல்வி, யாருக்கான கல்வி என்றும் கேட்டல் வேண்டும். கென்யாவின் வன்முறையிலும் அறியாமைக்குப் பின்னால் நிலப்பங்கீட்டின் அநீதியும், இனப்பகையை வாக்காக்கிய அரசியல்வாதிகளின் நலனும் நின்றன. இரு தேசத்து அனுபவங்களையும் அருகருகே வைத்த இயக்குநர், அவற்றிடையே எழும் இம்முரண்பாட்டைக் காணாது விட்டமை பெருங்குறையே.

இதனால் ஹில்டே பாக்கின் செயல் சிறுமைப்படாது. 2021இற் காலமான அம்மூதாட்டி தம்மால் இயன்றதைச் செய்தார். அரசுகள் தம்மால் இயன்றதைச் செய்யாமையே எமது விசாரணைக்குரியது. 1945இல் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தமையால், இங்கு பல்லாயிரம் உழவர் பிள்ளைகள் எவரது கருணைக்கும் நன்றி கூறாமலே பல்கலைக்கழகம் புகுந்தனர். அதே சட்டம் இருந்தும் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் பல்லாண்டுகள் புறத்தே நின்றனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. சட்டத்தில் எழுதிய உரிமையும் போராடியே நடைமுறைக்கு வருகிறது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இப்படத்தைப் பார்த்தல் வேண்டும்; பார்த்தபின் விவாதித்தல் வேண்டும். ஒரு பிள்ளைக்குக் கட்டணம் செலுத்த முன்வருவோரை நாம் தடுக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கையே, கட்டணத்தை ஒழிக்கக் கோரும் மனுவிலும் ஒப்பமிடல் வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.