மைபிரிட்ஜின் அசைவுப் படங்கள்: ஓர் இறையியல் நோக்கு

எட்வர்ட் மைபிரிட்ஜ் (1830–1904) இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஒளிப்படக் கலைஞர். ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு எழுவதை 1878ஆம் ஆண்டு படமெடுத்துக் காட்டியவர். பின்னர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் 1884 முதல் மனிதர், விலங்குகளின் அசைவுகளைப் படமெடுத்து, 1887இல் 781 அச்சுப் படத்தாள்கள் கொண்ட பெருந்தொகுதியாக வெளியிட்டார். மனித உடலைப் பற்றிப் போதிக்கும் நாம் இத்தொகுதியைக் கூர்ந்து நோக்குதல் நன்று.

இவை செம்புத் தகட்டை அமிலத்தால் அரித்துச் செய்த அச்சுகள் அல்ல. ஒளியுணரும் ஜெலட்டின் பூசிய கண்ணாடித் தகட்டில் படம் பதிக்கப்படும். ஒளிபட்டு இறுகிய இடம் மையை ஏற்கும். ஈரம் தங்கிய இடம் அதனை விலக்கும். ஆதலால் கருமைக்கும் வெண்மைக்கும் இடைப்பட்ட மென்மையான சாயல்கள் யாவும் தாளில் இறங்குகின்றன. 187ஆம் படத்தாளில் மெல்லிய ஆடை அணிந்த ஒரு பெண் நடனமாடுகிறாள். அடுத்தடுத்த கட்டங்களில் ஆடையின் மடிப்பு வெவ்வேறாய் விரிகிறது. பாதம் தூக்கப்படுவதும் ஊன்றப்படுவதும் தனித்தனியே தெரிகின்றன. நம் கண்ணுக்குத் தப்பிவிடும் அழகு இங்கே நின்று பேசுகிறது. உடலை இழிவாய் எண்ணப் பழகியவர்களுக்கு இப்படங்கள் நல்ல மறுமொழி எனலாம்.

எனினும் இவற்றை மெய்ம்மை முழுவதும் எனக் கொள்ளுதல் தவறாகும். பல தாள்களில் விடுபட்ட கட்டங்களுக்கு வேறு படங்கள் வைத்து வரிசை ஒழுங்குசெய்யப்பட்டதை ஆய்வாளர் பின்னர் கண்டனர். காலம் நிற்பதில்லை, அதை நிறுத்திக் காட்டும் ஒளிப்படமே பொய்யுரைக்கிறது என்னும் கருத்தைச் சிற்பி ரோடின் முன்வைத்தார். நடனம் இரு கட்டங்களுக்கு இடையிலன்றோ உயிர்வாழ்கிறது!

இதினும் ஆழ்ந்த கேள்வி ஒன்று உண்டு. நரம்பியல் மருத்துவர் பிரான்சிஸ் டெர்க்கமின் துணையோடு, நடை தடுமாறும் நோயாளிகளையும் மைபிரிட்ஜ் படமெடுத்தார். ஒரு பெண்ணுக்குச் செயற்கையாய் வலிப்பு வருவித்து அதையும் பதிவுசெய்தனர். மருத்துவத்திற்கு இப்படங்களால் பயன் விளைந்ததை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இத்தாள்களின் தலைப்பில் நோயின் பெயர் உண்டு. நோயாளியின் பெயர் இல்லை. நடனமாடிய பெண்ணும் தொகுதியின் பட்டியலில் ஓர் எண்ணாகவே நிற்கிறாள்.

பேழைக்கு முன்பாகத் தாவீது ஆடியபோது மீகாள் பலகணி வழியே பார்த்தாள். குதித்தாடும் உடலை அவள் கண்டாள். அவ்வுடலை அசைத்த மகிழ்ச்சியைக் காணவில்லை. அலங்கார வாசலில் கிடந்த சப்பாணியைப் பேதுருவும் யோவானும் உற்றுப்பார்த்தனர். தங்களைப் பார்க்கும்படி அவனையும் கேட்டனர். அவனோ எழுந்து, நடந்து, குதித்தான். இவ்விரு பார்வைகளுக்கும் உள்ள தூரமே மைபிரிட்ஜின் படங்கள் நமக்கு உணர்த்தும் பாடம்.

கேமரா பலகணியாய் இருப்பதில் குற்றமில்லை. நாம் அப்பலகணியிலேயே நின்றுவிடுவதுதான் குற்றம். மருத்துவமனையில் ஊழியம் செய்யச் செல்லும் நம் மாணவர், படுக்கையின் எண்ணைக் கேட்குமுன் படுத்திருப்பவரின் பெயரைக் கேட்பார்களாக.