ஒரே மரம், ஒரே வினிகர்

டோமஹாக் எனும் கைக்கோடாலியையும் கத்தியையும் ஜோடியாக அடைத்து விற்கும் பெட்டிகள் அமெரிக்கக் கடைகளில் நிறையவே உண்டு. இரண்டுக்கும் ஒரே கறுப்புப் பூச்சு, ஒரே பிளாஸ்டிக் பிடி. அவற்றில் எனக்கு ஈர்ப்பு வந்ததே இல்லை. பூச்சு தேயத் தொடங்கினால் ஜோடி என்பதற்கு அங்கே வேறு அடையாளம் எதுவும் இல்லை. நல்ல எஃகில் செய்த சாதாரணக் கருவிகள் இரண்டைத் தனித்தனியே வாங்கி, நம் கையாலேயே ஜோடி ஆக்குவதுதான் சரியான வழி. இந்த விமர்சனம் அப்படிச் செய்து முடித்த ஒரு ஜோடியைப் பற்றியது.

கோடாலி, கோல்ட் ஸ்டீலின் டிரெயில் ஹாக். காம்போடு சேர்த்து 22 அங்குல நீளம், வெட்டுவாய் இரண்டே கால் அங்குலம், பின்புறம் சின்னச் சுத்தியல் தலை. கத்தி, ஓல்டு ஹிக்கரி வரிசையின் 7 அங்குலக் கசாப்புக் கத்தி. அதைச் செய்துவந்த ஒன்டாரியோ நைஃப் கம்பெனி 1889இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கியது. கோடாலித் தலை 1055 எஃகு, கத்தி 1095. அந்த எண்களின் கடைசி இரண்டு இலக்கமும் கார்பன் அளவைச் சொல்கின்றன: ஒன்றில் சுமார் 0.55 சதவீதம், மற்றதில் 0.95. அடி வாங்கும் தலைக்கு உடையாத உறுதி வேண்டும், கத்திக்குக் கூர் நிற்க வேண்டும். இரண்டுமே துருப்பிடிக்கும் எஃகு என்பதுதான் இங்கே பெரிய வசதி. ஸ்டெயின்லெஸ் எஃகில் துருவால் நிறம் ஏற்றும் வேலையைச் செய்யவே முடியாது.

இப்படிப்பட்ட கைக்கோடாலி மீதான ஆசை புதியது அல்ல. 1757இல் ராபர்ட் ராஜர்ஸ் தன் ரேஞ்சர் படைக்கு எழுதிய விதிகளில் முதல் விதியே, ஒவ்வொருவனும் துப்பாக்கி, அறுபது ரவை மருந்தோடு ஒரு கைக்கோடாலியும் வைத்திருக்க வேண்டும் என்பது. 1804-05 குளிர்காலத்தில் அமெரிக்காவின் மேற்கை ஆராயப் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் குழு மாண்டன் கோட்டையில் தங்கியபோது, அவர்களுடைய கொல்லர்கள் கோடாலிகள் அடித்துக் கொடுத்து, மாண்டன் மக்களிடம் சோளம் வாங்கித்தான் வயிறு நிரப்பினார்கள். அந்த நாளைய இரும்பில் பெயின்ட் கிடையாது; பழுப்பும் கறுப்புமாக ஏறிய நிறம்தான். நான் தேடியதும் அந்த நிறத்தைத்தான்.

கோடாலியைக் கழற்றுவது எளிது. பக்கவாட்டில் இருக்கும் சிறு திருகை அலென் கீயால் எடுத்துவிட்டு, தலையைக் கவிழ்த்து வைஸின் தாடைகள் மேல் உட்கார வைத்து, காம்பின் அடிநுனியை மரச் சுத்தியலால் தட்டினால் தலை காம்பின் அடிப்பக்கமாக நழுவி வந்துவிடும். நம் பிக்காசுக்குக் காம்பு போடுவதுபோல இதற்கும் ஆப்பு தேவையில்லை. காம்பு மேலே போகப் போகப் பருப்பதால் வீச வீசத் தலை இறுகும். அந்தத் திருகை நான் திரும்பப் போடவில்லை. காம்பின் மேல்பகுதியை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துத் துளையோடு பொருந்தச் செய்தால் அதற்கு வேலையே இல்லை.

கோடாலித் தலையின் பூச்சை எடுக்க ஜெல் போன்ற பெயின்ட் ரிமூவர் போதும். மெத்திலீன் குளோரைடு கலந்த பழைய வகையை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2019இல் வீட்டு உபயோகத்துக்குத் தடை செய்துவிட்டது. இப்போது கிடைப்பவை மெதுவாக வேலை செய்யும்; பிளாஸ்டிக் தாளால் மூடி ஓர் இரவு விட்டால் காலையில் தோலாக உரிந்து வரும். அதற்கடியில் உலைக்களத்தில் படிந்த கரும்பொருக்கு இருக்கும். வெள்ளை வினிகரில் ஊறவைத்தால் அதுவும் போய்விடும்.

இதற்குப் பிறகு கிரைண்டரைத் தொடாதீர்கள். எஃகு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது வைக்கோல் நிறம் காட்டும், 300ஐ நெருங்கினால் நீலம். மெல்லிய வாய் அந்த நீலத்தைத் தொட நொடிகள் போதும். தொட்டால் அந்த இடத்தில் பதம் போய்விடும். தலைக்கு அரம், கத்திக்குச் சாணைக்கல், இரண்டுக்கும் பொறுமை. தலையின் பக்கங்களில் உள்ள அச்சுத் தழும்புகளை முழுக்க வழித்தெடுத்துக் கண்ணாடியாக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. அடித்துச் செய்த பொருள் என்பதன் ஒரே சாட்சி அந்தத் தழும்புதான். வாயிலிருந்து பாதித் தூரம்வரை சமப்படுத்தி, துளையைச் சுற்றியுள்ள பகுதியை அப்படியே விட்டேன்.

நிறம் ஏற்ற ‘கோல்ட் ப்ளூ’ என்ற திரவம் கடைகளில் கிடைக்கிறது. தடவினால் உடனே கறுக்கும். ஆனால் அது செலினியம் சேர்மம். உணவைத் தொடும் கத்தியில் அதற்கு இடமே இல்லை. தேய்த்தால் போய்விடவும் செய்யும். பழைய துப்பாக்கிக் கொல்லர்களின் வழி மேலானது. எண்ணெய்ப் பிசுக்கை அசிட்டோனால் துடைத்து, சூடான வினிகரில் நனைத்து, ஈரக்காற்றில் வைத்தால் மெல்லிய செந்துரு பூக்கும். அதை வாலைவடிநீரில் கொதிக்கவிட்டால் செந்துரு கருந்துருவாக மாறும். ஸ்டீல் வூலால் மெதுவாகத் தேய்த்துவிட்டு, மறுபடி துரு, மறுபடி கொதி. ஒவ்வொரு சுற்றிலும் கறுப்பு ஆழமாகும். கொதிநீர் 100 டிகிரிதான். எஃகின் பதத்துக்கு ஆபத்தில்லை. நிறம் ஒத்துப்போவதன் சூட்சுமம் கடைசி உப்புத்தாளில் இருக்கிறது. இரண்டையும் 220 எண்ணில் நிறுத்தினால் இரண்டும் ஒரே மங்கலான கருமை கொள்ளும். ஒன்றை 600வரை கொண்டுபோனால் அது பளபளத்துத் தனியே தெரியும்.

ஆனால் எஃகு மட்டும் ஒத்துப்போனால் ஜோடி ஆகிவிடாது. கையில் பிடித்துப் பார்க்கும்போது முதலில் தெரிவது மரம். எப்படியும் கத்தியைக் கொதிநீரில் போட அதன் பிடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பித்தளை ரிவெட்டுகளை டிரில்லால் எடுத்தாக வேண்டும். அதே பிடியைத் திரும்ப ஒட்டாமல், டிரெயில் ஹாக்குக்கு மாற்றாக விற்கும் ஹிக்கரிக் காம்பு ஒன்றை வாங்கினேன். அதன் பருத்த மேல்பகுதியில் ஐந்து அங்குலம் அறுத்து, நெடுவாக்கில் இரண்டாகப் பிளந்தால் கத்தியின் இரு பக்கத்துக்கும் பட்டைகள் கிடைக்கும். ஒரே துண்டின் இரு பாதிகள் என்பதால் ரேகைகள் எதிரெதிரே பார்த்துக்கொள்ளும். எபாக்ஸி பசை, மூன்று பித்தளைக் கம்பிகள், பிறகு அரம். இந்த வேலை முழுவதிலும் மிக அதிகப் பலன் கொடுத்தது இந்தப் படிதான். வேறெதற்கும் நேரம் இல்லாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

ஹிக்கரி வெளிறிய மரம். அதில் டானின் குறைவு. அடர்த்தியாகக் காய்ச்சிய கறுப்புத் தேநீரைப் பூசிக் காயவைத்தால் அந்தக் குறை தீரும். பிறகு, ஸ்டீல் வூலைச் சில நாள் ஊறவைத்த வினிகரைத் தடவ வேண்டும். இரும்பும் டானினும் சேர்ந்ததும் மரம் கண்ணெதிரே கருஞ்சாம்பல் ஆகும். மேலே ஆளிவிதை எண்ணெய் ஏறியதும் அது ஆழ்ந்த பழுப்பாக மாறும். பூச்சு மேலே உட்காராமல் நாருக்குள்ளேயே நிறம் பிறப்பதால் கை பட்டு உரிவதில்லை. ஓர் எச்சரிக்கை: அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்குங்கள்.

அதே ஜாடி வினிகர் தோலையும் கறுக்க வைக்கும். உறைகளுக்கு மரப்பட்டையால் பதனிட்ட தோல்தான் வேண்டும். குரோம் தோலில் நிறம் பிடிக்காது. மரப்பட்டையில் பதனிடும் திருச்சி, திண்டுக்கல் தோலும் இதற்கு ஏற்ற வகையே. கறுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி அமிலத்தை முறிக்க வேண்டும்; இல்லாவிட்டால் உறையே கத்தியை அரிக்கும். இறகும் மணியும் கட்டி அலங்கரிக்கும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. அவை அந்தந்தப் பழங்குடிகளுக்குச் சொந்தமானவை. பூர்வகுடி அல்லாதவர் செய்ததை அவர்களுடைய கைவினை என்று விற்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்காவில் குற்றமும்கூட.

பயன்பாட்டில் எப்படி? அடுப்புச் சிராய் பிளக்கக் கோடாலி அருமை. காம்பில் வழுக்கும் வார்னிஷ் போய்விட்டதால் பிடி நன்றாக நிற்கிறது. கத்தி இறைச்சியையும் காயையும் சுத்தமாக வெட்டுகிறது. தக்காளியும் எலுமிச்சையும் பட்ட இடத்தில் கருமை லேசாக மாறும், அதற்கு வருந்த வேண்டாம். கருந்துரு செந்துருவைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது. எனவே ஈரம் துடைத்து எண்ணெய் பூசி, உறைக்கு வெளியே வையுங்கள். இலக்குப் பலகையில் எறிந்து விளையாட நினைப்பவர்களுக்கு இந்த அளவு வேலை தேவையில்லை. எறிவதில் காம்பு உடைவது சகஜம். அப்படியும் எறிவேன் என்பவர்கள் மாற்றுக் காம்பு வாங்கும்போது இரண்டாக வாங்கி, இரண்டுக்கும் ஒரே நாளில் தேநீரும் வினிகரும் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.