புல்வெட்டிப் பட்டியலில் கைகள் எங்கே? கோல்ஃப் திடல் பராமரிப்புக் கருவிப் பட்டியல்கள்: ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

கோல்ஃப் திடல்களின் புல்தரையைப் பேணும் கருவிகளுக்காக வெளியிடப்பட்ட பழைய விற்பனைப் பட்டியல்களைப் பனுவல்களாகக் கொண்டு வாசிக்கிறது இக்கட்டுரை. பெயரிடல், உதிரிபாக வரிசை, புல் பற்றிய சொல்லாடல் ஆகிய மூன்று நிலைகளில், இப்பட்டியல்கள் உழைப்பை எவ்வாறு மறைக்கின்றன, எங்கே தம்மை அறியாமல் காட்டிவிடுகின்றன என்பதை இது ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: விற்பனைப் பட்டியல், புல்வெட்டி, அறுகு, உழைப்பு, ஆவணப் பாதுகாப்பு.

முன்னுரை

தமிழ் அச்சுப் பண்பாட்டு ஆய்வு நூல், இதழ் என்னும் எல்லைகளைக் கடந்து வெகுகாலமாகிறது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ குஜிலிப் பதிப்புகளை ஆய்வுப் பொருளாக்கியது. ஆயினும், தொழிற்கூடங்களிலும் மன்றங்களின் கிடங்குகளிலும் புழங்கிய கருவிப் பட்டியல்கள் இன்னும் ‘இலக்கியம் அல்லாதவை’ என்றே ஒதுக்கப்படுகின்றன. அவை ஆங்கிலத்தில் அச்சானவை என்பது ஒரு காரணம். ஆனால் அக்கருவிகளைத் தள்ளியவர்களும் சாணை பிடித்தவர்களும் இங்கே தமிழில் பேசியவர்கள். எனவே இப்பட்டியல்களின் வாசிப்பு வரலாறு தமிழாய்வுக்கும் உரியது.

பெயரிடலின் அரசியல்

இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் 1830இல் புல்வெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். நாட்டுப்புறக் கனவான்கள் தாமே இயக்கி மகிழத்தக்க நல்ல உடற்பயிற்சி என்று அவ்வாவணம் கருவியைப் பரிந்துரைக்கிறது. அங்கே கருவியை இயக்குபவர் கனவான், உழைப்பு பொழுதுபோக்காகிறது. 1832இல் இப்ஸ்விச் நகரின் ரான்சம்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று உற்பத்தியில் இறங்கியது. பின்னர் வந்த பெயர்களோ அந்தக் கனவானையும் நீக்கிவிட்டன. லீட்ஸ் நகரின் தாமஸ் கிரீன் 1859இல் வெளியிட்ட கருவியின் பெயர் ‘சைலன்ஸ் மெசர்’. இலத்தீனில் ‘ஓசையற்ற அறுவடையாளன்’ என்பது அதன் பொருள். ரான்சம்ஸ் 1867இல் வெளியிட்டது ‘ஆட்டோமேட்டன்’, அதாவது தானியங்கி. உண்மையில் அது மனிதர் தள்ளினால் மட்டுமே நகர்ந்த கருவி. பெட்ரோல் இயந்திரம் பூட்டிய புல்வெட்டியை அந்நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்ததே 1902இல்தான். இயந்திரம் தானே இயங்கத் தொடங்குவதற்கு முப்பத்தைந்து ஆண்டுகள் முன்பே பெயர் தானே இயங்கத் தொடங்கிவிட்டது. பட்டியல் மொழியின் அடிப்படை உத்தி இதுவே: தள்ளும் கை பெயரிலேயே அழிக்கப்படுகிறது.

உதிரிபாக வரிசை என்னும் சாட்சி

எனினும் பட்டியல் முழுவதும் மறைப்பு என்று கூறுவது மிகைக்கூற்று. உருளைக் கத்தி கீழ்த்தகட்டின்மேல் உராய்ந்து கத்தரிக்கோல்போல் புல்லை நறுக்குகிறது. தேய்ந்த விளிம்பைச் சாணைப் பொடியிட்டுத் தீட்ட வேண்டும். கீழ்த்தகட்டை அவ்வப்போது மாற்ற வேண்டும். ஆகவே மாற்றுக் கத்தி, கீழ்த்தகடு, தாங்கி, சங்கிலி ஆகியவை தனித்தனியே விலையிடப்படும் பக்கங்கள், எது எங்கே தேயும் என்பதை ஒப்புக்கொள்ளும் பக்கங்கள். தேய்மானம் என்பது உழைப்பின் தடம். முகப்புப் படம் மறைத்த தொழிலாளியை உதிரிபாக எண்கள் காட்டிக்கொடுக்கின்றன. குதிரை இழுத்த புல்வெட்டிகளின் காலத்தில், குளம்பு புல்லில் பதியாதிருக்கக் குதிரைக்குத் தோல் காலுறை அணிவித்தனர். தரையில் உழைப்பின் சுவடு தெரியக்கூடாது என்ற விதி விலங்குக்கும் பொருந்தியிருக்கிறது.

இந்நோக்கில் வடசென்னைத் தொழிற்பகுதி ஓர் அரிய ஒப்பீட்டைத் தருகிறது. ரெட்டிச்சு நகரின் என்ஃபீல்டு நிறுவனம் மிதிவண்டி, மோட்டார் சைக்கிள் ஆகியவற்றோடு புல்வெட்டியும் செய்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் இணைந்து உருவான என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள்களுக்கே பெயர் பெற்றது. இராணுவத்துக்கு வண்டி தேவைப்பட்டது. புல்லுக்கோ கூலியாள் போதும் என்று சந்தை கருதியிருக்கலாம். ஒரு பட்டியல் கடல் கடக்கையில் எப்பக்கம் உதிர்ந்தது என்பதும் பனுவல் திறனாய்வு கேட்க வேண்டிய வினாவே.

அறுகின் இரு முகங்கள்

பட்டியல்கள் போற்றும் ‘பெர்முடா புல்’ நமக்குப் புதியதன்று, அது அறுகு. பிள்ளையாருக்குச் சாத்துவதும், சித்த மருத்துவத்தில் பயன்படுவதும், மணமக்களை வாழ்த்துகையில் உவமையாவதும், திருவள்ளூர் வயல்களில் உழவர் களையென்று பிடுங்குவதும் இதையே. அமெரிக்காவின் டிஃப்டன் ஆய்வு நிலையம் இவ்வறுகை ஓர் ஆப்பிரிக்க இனத்துடன் கலந்து, டிஃப்கிரீன் (1956), டிஃப்வே (1960) ஆகிய திடல் வகைகளை வெளியிட்டது. ஒரே புல் வயலில் களை, திடலில் சரக்கு. பட்டியலின் சொல்லாடல் அறுகை அதன் ஊரிலிருந்தும் பயனிலிருந்தும் பிரித்து, உயரமும் அடர்த்தியுமாக மட்டும் சுருக்குகிறது. பரவி வேரோடுதல் என்னும், வாழ்த்துக்குரிய அதே பண்பு அங்கே விற்பனைத் தகுதியாகிறது.

முடிவுரை

கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகள் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்குகின்றன. கழித்துக் கட்டப்பட்ட புல்வெட்டிக்கும் பழைய இரும்பு என்பதன்றி வேறு மதிப்பு இங்கில்லை. இரும்பு உருகிய பின் அதன் வடிவத்துக்குச் சான்று பட்டியல் ஒன்றே. அதுவும் பழைய காகிதமாக எடைக்குப் போகும் நிலை உண்டு. கிண்டி குதிரைப் பந்தயத் திடலின் 160 ஏக்கருக்கான குத்தகையை 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு இரத்து செய்தது. அத்திடலின் உட்பகுதியில்தான் மெட்ராஸ் ஜிம்கானா மன்றத்தின் கோல்ஃப் திடல் அமைந்திருந்தது. நிலம் பொதுப் பயனுக்கு வருவது வரவேற்கத்தக்கது. ஆனால் நிலம் கைமாறும்போது கிடங்குத் தாள்களைக் கேட்பார் இருப்பதில்லை. ரான்சம்ஸ் ஆவணங்களை ரெடிங் பல்கலைக்கழகத்தின் ஊரக வாழ்வு அருங்காட்சியகம் காக்கிறது. இங்கே மன்றங்களும் கருவி முகவர்களும் தம்மிடமுள்ள பட்டியல்களை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனங்களிடம் ஒப்படைக்க வேண்டும். அதனுடன், திடற்பணியாளரும் பட்டறையினரும் அப்பாகங்களுக்கு வழங்கும் தமிழ்ப் பெயர்களைக் கள ஆய்வில் தொகுத்துப் பட்டியலின் எண்களுக்கு எதிரே எழுதிவைக்க வேண்டும். அச்சு விட்டுச்சென்ற கைகளைப் பனுவலுக்குள் மீட்கும் வழி அதுவே.